கீழே இருப்பவர்

லீதியாள் ஏறியபோது படகு அவள் பக்கமாக ஒரு விரல்கடை தாழ்ந்து நிமிர்ந்தது. அது எனக்கு முழங்காலில்தான் தெரிந்தது. கண்ணால் பார்க்கவில்லை, அவள் ஏறுவதற்குள் நான் கீழே இறங்கி, படிக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கதவைத் திறந்து, எஞ்சின் பெட்டிக்குள் தலையைக் கொடுத்துவிட்டேன். கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருக்கலாம். சரி, அந்தத் தனேந்திரன் பிடித்திருப்பான், படகு புரோக்கர் என்றால் அதெல்லாம் செய்வான். ‘ஆண்ட்டி, பார்த்து, செருப்பைக் கழட்டிருங்க’ என்று அவன் சொன்னது கேட்டது. அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. என் இடது காது செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. வலது காதுக்கும் மெல்லிய சத்தமெல்லாம் இனி ஆகாது. தள்ளி நின்று பேசுகிற பெண்கள் குரல், குருவி, போன் மணி, குக்கர் விசில் எல்லாம் போச்சு. முப்பத்தைந்து வருஷம் கப்பல் எஞ்சினோடு குடும்பம் நடத்தினவனுக்குக் கம்பெனி சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிற சாமான் அது. மணி இரண்டரை. நாலு மணிக்குத் துறைமுக ஆபீஸில் படகை வாங்கக் கையெழுத்து. அதற்குள் அவள் சொல்லிவிடுவாள். காலையில், மலேசியாவின் இந்த லங்காவித் தீவில், ஓட்டல் அறையில், கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டே, ‘பாத்துட்டுச் சொல்லுதேன்’ என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தூத்துக்குடி வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு, இந்தப் பாய்மரப் படகிலேயே இரண்டு வருஷம், மூன்று வருஷம், உடம்பு தாங்குகிறவரைக்கும், நானும் அவளும் மட்டும், தீவு தீவாக. அதற்கு ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவேண்டும். வந்தால் கையெழுத்து. வராவிட்டால்? வராவிட்டால் என்ன என்பதை நான் இன்னும் யோசிக்கவில்லை. முதலில் எண்ணெயைப் பார்ப்போம்.

எண்ணெய் நல்ல நிறம். அளவுக் கம்பியை வேட்டித் துண்டால் துடைத்து மறுபடியும் விட்டு எடுத்தேன், அதே கோடு. படகு வைத்திருந்த கிழவனும் கிழவியும் பொறுப்பானவர்கள், எஞ்சினைப் பார்த்தாலே தெரிகிறது, ஒவ்வொரு குழாயிலும் சின்னச் சீட்டு கட்டி மாற்றிய தேதி எழுதியிருக்கிறார்கள். பதினெட்டு வருஷம் இதிலேயே சுற்றினார்களாம். கிழவனுக்கு முழங்கால் போய்விட்டது, இறங்கிவிட்டார்கள். சாமான் லிஸ்ட் மட்டும் நாலு பக்கம். தானாகத் திசை பிடிக்கிற கருவி, கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற மெஷின், சோலார் பலகை ஆறு, ரேடியோ இரண்டு, தானாக ஊதிக்கொள்ளும் உயிர்காக்கும் தோணி, நங்கூரம் இழுக்க மோட்டார், எவ்வளவு ஆடினாலும் சாம்பார் சிந்தாத தொங்கும் அடுப்பு, உலகத்தில் எந்த மூலையில் நின்றாலும் நிற்கிற இடத்தை அடிக்கணக்கில் சொல்கிற திரை. ‘அங்கிள், இது படகு இல்ல, வீடு. சாவியைத் திருப்பினா கிளம்பிறலாம்’ என்றான் தனேந்திரன். அவனுக்கென்ன, வாய். ஆனால் சொன்னது உண்மைதான். மகள் ஷைனிதான் போனில் குதித்தாள். ‘அப்பா, உங்களுக்கென்ன கிறுக்கா? அம்மாவுக்கு நீச்சலே தெரியாது.’ அடி இவளே, உங்க அம்மாவை எனக்குத் தெரியாதா, உனக்குத்தான் தெரியுமா? அப்படிக் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷக் கல்யாணம். அதில் சேர்ந்திருந்த நாளைக் கூட்டினால் பத்து வருஷம் தேறுமா? லீவுக்கு வருவேன், மூன்று மாசம், நாலு மாசம், வந்த முதல் வாரம் அவள் அலமாரியில் எது எங்கே என்று எனக்குத் தெரியாது, கடைசி வாரம் தெரியும், அதற்குள் பெட்டி கட்ட வேண்டும். ஷைனி பிறந்தபோது நான் பிரேசிலில் ஒரு போன் பூத்தில் நின்றேன். ‘பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்கோம்’ என்றாள். கூட இருக்க முடியலியே லீதி என்றேன். ‘அதுக்கென்ன செய்ய. பரவாயில்ல’ என்றாள்.

பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் என் குடும்பம் ஓடியது. இப்போது மேலே காலடி. அவள்தான். வலது காலைக் கொஞ்சம் அழுத்தி வைப்பாள். நாலு எட்டு முன்னால் போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். என்ன பார்க்கிறாள்? கடலைத்தான் பார்ப்பாள். அவளுக்குக் கடல் பிடிக்கும், எனக்குத் தெரியும், அவளே சொன்னாள். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். ஆபீசர்கள் மனைவியைக் கூட்டிப்போகலாம் என்று கம்பெனி அனுமதித்த காலம். நான் அப்போது செகண்ட் எஞ்சினியர். கோவாவில் இரும்புத் தாது ஏற்றுகிற பழைய கப்பல் ஒன்றில் நாலு மாசம் கூட்டிப்போனேன். நாலு மாசமும் ஒரே கப்பல், ஒரே அறை, ஒரே கட்டில், ஆனாலும் என்னத்தைச் சேர்ந்திருந்தோம்? கப்பல் வேலை நாலு நாலு மணி நேரமாகப் பிரித்திருக்கும், அதைத்தான் வாட்ச் என்பார்கள். செகண்டுக்கு எப்போதும் நாலு முதல் எட்டு. விடியற்காலை நாலு முதல் எட்டு, சாயங்காலம் நாலு முதல் எட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், சூரியன் வருவதும் அதற்குள், போவதும் அதற்குள். அத்தனை வருஷம் கடலில் இருந்தவன், சூரியன் கடலில் விழுகிறதைப் பார்த்தது விரல் விட்டு எண்ணலாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, மஞ்சள் லைட்டில், சூட்டில் நின்றேன். அவள் மேலே தனியாக நின்றாள். ஒரு நாள் வாட்ச் முடிந்து வருகிறேன், காற்றில் தலையெல்லாம் கலைந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், முகம் கறுத்துப்போய். சொன்னாள்: ‘இம்புட்டுக் கடலையும் நான் ஒத்தைல நின்னு பாக்கேன். ஒரு நாளாவது நீங்களும் கூட வந்து நின்னு பாக்கணும்.’ நாளைக்கு லீதி என்றேன். அந்த நாளைக்குத்தான் இது. இன்று. எத்தனை பிந்தினாலும் வாக்கு வாக்குதானே. பத்து வருஷமாகப் போனில் பழைய படகு விளம்பரம் பார்த்துப் பார்த்து, அந்த ஒரு வரியை வைத்துத்தானே இத்தனையும்.

எஞ்சினை ஓடவிட்டேன். மேலே தனேந்திரனிடம் கத்தினேன், சாவியைத் திருப்பினான், பிடித்துக்கொண்டது. நல்ல பிடி. பையிலிருந்து நீளத் திருப்புளியை எடுத்து, முனையை, எஞ்சின் தண்டு சுழல்கிற தாங்கிக்கட்டையில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின் எலும்பில் வைத்தேன். என் சர்வீஸ் முழுக்க இதுதான் எனக்கு டாக்டர் குழாய். காது செத்தாலும் எலும்பு கேட்கும். முன் தாங்கி, சுத்தம். பின் தாங்கி, சுத்தம். தண்ணீர் பம்பில் மட்டும் ஒரு சின்னக் கரகரப்பு, இன்னும் முந்நூறு மணி நேரம் ஓடும், பிறகு மாற்றவேண்டும். ஐம்பதாயிரம் டன் கப்பலில் பதினாறு தாங்கிகளில் எது நாளைக்குச் சூடாகும் என்று இன்றைக்கே சொல்லியிருக்கிறேன், நான் சீஃப் எஞ்சினியர் ஆன பிறகு, சீஃப் காதில் பிசாசு இருக்கு என்று ஜூனியர்கள் பேசிக்கொள்வார்கள். அந்தக் காதுக்கு ஒரே ஒரு வார்த்தையைப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை. புடவை பிடிச்சிருக்கா என்றால் ‘பரவாயில்ல.’ அது நன்றாயிருக்கிறது என்று அர்த்தமா, இதுவாவது வாங்கினீர்களே என்று அர்த்தமா? பொங்கலுக்கு வரமுடியலியே என்றால் ‘பரவாயில்ல.’ அவள் அம்மா சாவுக்கு வரமுடியலியே என்றாலும் அதே ‘பரவாயில்ல.’ அதே சத்தம், அதே நீளம். எஞ்சின் என்றால் நல்ல சத்தத்துக்கும் கெட்ட சத்தத்துக்கும் ஒரு மயிரிழை வித்தியாசமாவது இருக்கும். நான்தான் கேட்கவில்லையோ? திருப்புளி வைத்துக் கேட்டிருக்க வேண்டுமோ? என்ன பேச்சு இது. எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நின்றது. காதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அது எப்போதும் ஓடும்.

மூன்று பத்து. மேலே போகலாம். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கு லீதி என்று கேட்கலாம். எழுந்திருக்கக் கையை ஊன்றினேன், பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்கவில்லை என்று ஞாபகம் வந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு பாட்டரி முனைகளைப் பார்த்தேன். பச்சைக் களிம்பு பூக்கவில்லை. ஏன்டா உட்கார்ந்திருக்கிறாய், ஜெயசிங், பயமா? ஆமாம், பயம்தான். யாரிடம் சொல்ல. எஞ்சின் அறையில் ஒருநாள் தீப் பிடித்தபோது வராத பயம், மேலே நாலு படி ஏற வருகிறது. அவள் வேண்டாம் என்பாளோ என்றுகூட இல்லை. பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று. சொன்னால் நான் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வேன், எனக்குத் தெரியும், எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், எனக்கு வசதியாக. அவளும் பின்னாலேயே பெட்டியோடு வருவாள். வந்து, மூன்று வருஷம், இந்த நாற்பதடிக்குள். அன்றைக்கு மாதிரி. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். பாட்டரி நட்டை ஒருமுறை இறுக்கினேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

நினைக்காவிட்டால் மட்டும்? அந்தப் பயணத்தில் பத்தாம் நாள். விடியற்காலை நாலு பத்துக்கு மெயின் எஞ்சின் நின்றது, நாலாம் நம்பர் பிஸ்டன். எந்தக் கரைக்கும் ஆறு நாள் தூரம், கப்பல் அப்படியே மிதந்தது. பிஸ்டனைத் தூக்கி, வளையம் மாற்றி, இறக்கி, இரவு ஏழு இருபத்தைந்துக்கு மறுபடி ஓடியது. பதினைந்தேகால் மணி நேரம். பிஸ்டன் எடை, போல்ட் கணக்கு, எந்தச் சங்கிலி வழுக்கியது, யார் விரல் நசுங்கியது, எல்லாம் அப்படியே இருக்கிறது, கேளுங்கள் சொல்கிறேன். அன்றைக்குக் காலை பத்துமணி வாக்கில் எஞ்சின் அறைக்குள் மேலே இருக்கிற இரும்பு நடைபாலத்தில் வந்து நின்றார் சாப்பாட்டறை ஆள், கோவாக்காரர், நல்ல மனுஷன். ஜெனரேட்டர் இரைச்சலில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைந்தது, கை மேலே காட்டியது. லீதியாளுக்கு இரண்டு மாசம் தள்ளிப்போயிருந்தது. கப்பல் ஏறின பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது, அடுத்த துறைமுகத்தில் டாக்டரைப் பார்க்கலாம் என்றிருந்தோம். எனக்குப் புரிந்ததா அப்போது? புரிந்தது. புரிந்ததாலேதான் அவர் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினேன். ஐந்து நிமிஷம். பிஸ்டன் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது, கீழே நாலு பேர் நின்றார்கள், நான் எப்படி விட்டுப் போவேன்? அதுவும் உண்மைதான். போகாததும் உண்மைதான். ராத்திரி எட்டு மணிக்கு எண்ணெய்க் கையோடு அறைக்குப் போனேன். கட்டிலில் புதுவிரிப்பு. துவைத்த விரிப்பு குளியலறைக் கம்பியில் தொங்கியது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ‘போயிட்டுங்க’ என்றாள். நான் நின்றேன். ‘வேல முடிஞ்சுதா?’ என்றாள். முடிஞ்சுது லீதி என்றேன். ‘பரவாயில்ல. மூடி வச்சிருக்காவ, சாப்பிடுங்க’ என்றாள். கர்த்தாவே, நான் சாப்பிட்டேன். பதினைந்து மணி நேரப் பசி. சாப்பிட்டேன்.

மூன்று முப்பத்தைந்து. கடைசியாகக் கடல் தண்ணீர் வருகிற பாதை, அது ஒன்றுதான் பாக்கி. எஞ்சினைக் குளிர்விக்கப் படகுக்கு அடியில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு வால்வு, அதற்கு மேல் ஒரு வடிகட்டி. வால்வை மூடி, வடிகட்டி மூடியைக் கழற்றி, சல்லடையை எடுத்து உதறினேன். இரண்டு சிப்பி, கொஞ்சம் பாசி. பிறகு, தண்ணீர் தடங்கலில்லாமல் வருகிறதா என்று பார்க்க மூடி போடாமலே வால்வைக் கொஞ்சம் திறந்தேன். இப்படித்தான் பார்ப்பது. தண்ணீர் ஊறி மேலே வந்தது, சுத்தமாக, பச்சையாக. இன்னும் நன்றாகக் குனிந்தபோது என் வலது காது ஒரு ரப்பர் குழாயின் வாயில் போய் ஒட்டியது. எஞ்சின் பெட்டிக்குக் காற்று கொண்டுவருகிற குழாய். அதன் மறுவாய் மேலே அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் இருக்கும்போல. குழாய் வழியாகக் கனத்து இறங்கிய குரல், அதனால் எனக்குக் கேட்டது. தனேந்திரன் கேட்கிறான்: ‘ஆண்ட்டிக்குப் படகு பிடிச்சிருக்கா?’ ‘பரவாயில்ல தம்பி.’ ‘அப்ப ஓகேலா! நம்ம ஊருக்காரங்க நல்லாருக்குன்னு வாயால சொல்ல மாட்டாங்க.’ சிரித்தான். கழுதை. என்னை மாதிரியே. பிறகு கேட்டான்: ‘ரெண்டு மூணு வருஷம் கடல்லயே இருப்பீங்களா? போரடிக்காதா?’ அப்புறம் அவள் சொன்னாள். ‘எங்க இருந்தா என்ன தம்பி. அவிய கீழ இருப்பாவ. நான் மேல இருப்பேன். பழகுனதுதான.’

எப்படி எழுந்தேன் என்று தெரியாது, பெட்டி விளிம்பில் தலை இடித்தது, நாலு படியும் ஒரே தாவலாக மேலே வந்துவிட்டேன். வெயில் கண்ணில் குத்தியது. தனேந்திரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு, போன் பேசுகிற சாக்கில் படகை விட்டு இறங்கி மரப்பாலத்தில் தள்ளிப்போய் நின்றான். ‘நாலு மணி ஆகலியே, அதுக்குள்ள வந்துட்டிய?’ என்றாள் லீதியாள். மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கையும். எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். லீதி, நீ வாரியா இல்லையா, பட்டுன்னு சொல்லிரு என்றேன். அவள் மேலே பார்த்தாள். ‘இந்தக் கம்பம் என்ன ஒசரம் இருக்கும்?’ நானும் பார்த்தேன். அப்போதுதான் பார்க்கிறேன். பாய்மரம் வானத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது, கம்பிகள், கயிறுகள், சுருட்டிக் கட்டிய பாய், எது எதற்கு என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியலியே என்றேன். ‘ஒரு மணி நேரமாப் பாக்கிய. பாய்க்கப்பல் வாங்க வந்துட்டு எஞ்சினை மட்டும் பாத்திருக்கிய’ என்று சிரித்தாள். நல்ல சிரிப்புதான், கேலிதான். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தத் தைரியத்தில் சொன்னேன்: நீதானே அன்னைக்குச் சொன்ன, ஒரு நாளாவது கூட வந்து நின்னு பாக்கணும்னு, அதுக்குத்தான் இவ்வளவும். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. ‘என்னத்தப் பாக்கன்னு நெனச்சிய?’ என்றாள். கடலை, சூரியன் விழுகிறதை என்றேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாலும் தேவலை என்றிருந்தது. ‘நான் சூரியனப் பாக்கவா கூப்பிட்டேன்?’ என்றாள். ‘ஒங்க பச்சத் துண்டு ஒண்ணு இருந்துச்சுல்லா, அதுலதான் சுத்துனேன். அந்தக் கோவாக்கார அண்ணன் எங்கிட்டக் குடுங்கம்மான்னாரு. குடுக்கல. கையளவுதான் இருந்துச்சு. நானே பின்தட்டுக்குப் போயி கடல்ல விட்டேன். கப்பல் நிக்கல்லா செய்யுது, நாமளும் நிக்கோம், அதுவும் அங்கனயே நிக்கும்னு ஒரு நெனப்பு. பைத்தியம் மாதிரி. நீங்க வந்ததும் கூட்டிட்டுப் போயிக் காட்டணும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பொழுது சாஞ்சு எஞ்சின் ஓடத் தொடங்கிட்டு.’

ஏழு இருபத்தைந்து. நான்தான் ஓடவைத்தேன். கைதட்டினார்கள், கேப்டன் கீழே வந்து கை குலுக்கினார். அந்த நேரம் அவள் பின்தட்டில் நின்று அந்த இடம் பின்னால் போவதைப் பார்த்திருக்கிறாள். ‘ரெண்டு நாளு அங்கனயே போயி நின்னேன், அந்தப் பக்கமாப் பாத்துக்கிட்டு. அப்பதான் சொன்னேன், நீங்களும் ஒருக்கா வந்து நின்னு பாக்கணும்னு. நாளைக்குன்னிய.’ எந்த இடம் லீதி என்று கேட்டேன். என்ன கேள்வி பாருங்கள். ‘எனக்கென்ன தெரியும். எல்லாப் பக்கமும் தண்ணி.’ நிற்கிற இடத்தை அடிக்கணக்கில் சொல்கிற திரை அவள் தலைக்குப் பின்னால் கறுப்பாக இருந்தது. மணி தெரியும் எனக்கு, நிமிஷம் தெரியும், பிஸ்டன் நம்பர் தெரியும், இடம் தெரியாது. ஏன் அன்னைக்கே சொல்லல என்றேன். ‘நீங்க கேக்கலியே. விரிப்பு எங்க காயுதுன்னு பாத்திய, சாப்பிட்டிய.’ குற்றம் சொல்கிற குரலே இல்லை அது. ‘நான் வரலங்க. கோவப்படாதிய. கடலுக்கு மேல என்னால வீடு வச்சிருக்க முடியாது. காலைலயே சொல்லிருப்பேன். நீங்க அவ்வளவு ஆசையாக் கெளம்புனிய.’ கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தியால் துடைத்தாள். நான் எழுந்து அவள் பக்கத்துப் பெஞ்சுக்குப் போகவேண்டும். மூன்றடி. போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, ஒன்றும் பேசாமல், அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாளோ அந்தப் பக்கம் பார்க்கவேண்டும். முப்பத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் இன்றைக்கு அவ்வளவுதான் வேலை. ‘ஜெயசிங், போடா’ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போது மரப்பாலத்தில் தனேந்திரன் ஓடிவருவதைப் பார்த்தேன். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கை கீழே காட்டியது. கீழே, கீழே. கிட்டே வந்த பிறகு கேட்டது: ‘அங்கிள், அலாரம் அடிக்குது, காது கேக்கலையா? கீழ தண்ணி!’

வால்வு. வடிகட்டி மூடி. திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், என் சர்வீஸில் ஒருநாளும் செய்யாத காரியம். ஒரு நிமிஷ வேலை. கால் ஏற்கெனவே எழுந்துவிட்டது, நான் எழச் சொல்லவில்லை. தனேந்திரனையே இறங்கி மூடச் சொல்லலாம், வால்வு எங்கே இருக்கிறது என்று கத்தினால் போதும். படகு முழுகினால்தான் என்ன, நம் படகா? இதெல்லாம் அப்போதே தோன்றியது, பிறகு தோன்றியது என்று பொய் சொல்லமாட்டேன். தோன்றிக்கொண்டிருக்கும்போதே என் வலது கை அவளைப் பார்த்து உயர்ந்து நின்றது. ஐந்து விரல். விரித்தபடி. அதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். இறக்கத் தெரியவில்லை எனக்கு. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ‘போங்க’ என்றாள். ‘போயி மூடிட்டு வாங்க. பரவாயில்ல.’

இறங்கினேன். கணுக்கால்வரை தண்ணீர், வெதுவெதுவென்று. குனிந்து, கையை விட்டுத் தடவி, வால்வைக் கால் சுற்றுத் திருப்பினேன். நின்றுவிட்டது. அவ்வளவுதான் வேலை. பம்ப் தானாக ஓடித் தண்ணீரை வெளியே தள்ளத் தொடங்கியது, நல்ல பம்ப். மேலே காலடி கேட்டது, இல்லை, கேட்கவில்லை, முழங்காலில் தெரிந்தது. வலது காலைக் கொஞ்சம் அழுத்தி, மரப்பாலத்துப் பக்கமாக, ஒன்று, இரண்டு, மூன்று. படகு அவள் பக்கமாக ஒரு விரல்கடை தாழ்ந்தது. பிறகு நிமிர்ந்தது. வால்வைப் பிடித்திருந்த கையை நான் இன்னும் எடுக்கவில்லை.